கல்யாணப் பத்திரிகைக்கு வளைவெழுத்து ஃபாண்ட்: மொரீஷியஸிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ரோஸ் ஹில்லில் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு கல்யாணப் பத்திரிகை, சான்றிதழ், கோயில் நோட்டீஸ் என்று வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர்களில் பாதிப்பேர் கைபேசியை நீட்டி, "இந்த மாதிரி வளைந்து வளைந்து போகிற எழுத்தில் வேண்டும், பியென் ஸொலி" என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அப்புறம் அதே ஏழெட்டுக் கேள்விகள் வரும், நானும் அதே பதிலைச் சொல்வேன், அவர்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பக் கேட்பார்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

இந்த எழுத்துக்கு என்ன பெயர்? கடையில் எப்படிக் கேட்பது?

பொதுவாக ஸ்கிரிப்ட் ஃபாண்ட் என்று கேட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் கர்சிவ் என்று எழுத வைத்தார்களே, அதன் பட்டுப்புடவை கட்டிய அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலேயே சாய்வாக, கீழே இறங்கும் கோடு தடித்தும் மேலே ஏறும் கோடு முடிபோல மெலிந்தும் வருகிற வகைக்கு ஆங்கிலத்தில் காப்பர்ப்ளேட் என்று பெயர். நம் ஊரில் பழைய அச்சகத்துக்காரர்களிடம் போனால் பிரெஞ்சில் ஆங்க்லேஸ் என்று கேட்டுப் பாருங்கள், உடனே புரிந்துவிடும். ஆங்கிலேயர் எழுத்து என்று அர்த்தம். ஆங்கிலத்துக்காரன் செம்புத்தகடு என்கிறான், பிரெஞ்சுக்காரன் ஆங்கிலேயன் என்கிறான், இரண்டும் ஒன்றுதான்.

ஏன் ஒரு கோடு தடிமனாகவும் இன்னொன்று அவ்வளவு மெல்லிசாகவும் இருக்கிறது?

பேனாவால் வந்தது. கூர் முனையுள்ள இரும்பு நிப்போ இறகுப் பேனாவோ, அதன் நுனியில் ஒரு பிளவு இருக்கும். கீழே இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து மை தாராளமாக இறங்கும், மேலே கொண்டுபோகும்போது கையைத் தளர்த்தினால் பிளவு மூடி முடி அளவு கோடு வரும், அதைத்தான் முடிக்கோடு என்பேன். அவ்வளவுதான் சூட்சுமம். நிமிர்ந்து நிற்காமல் அடிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 55 டிகிரியில் சாய்ந்திருக்கும்.

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வணிகக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த எழுத்தாசிரியர்கள் இதைப் பரப்பினார்கள். அவர்களுடைய மாதிரிகளைச் செம்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள், காப்பர்ப்ளேட் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குநர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தை இன்றைக்கும் வடிவமைப்பாளர்கள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, நீங்கள் பத்திரிகையில் போடச் சொல்லும் இந்த ராஜ எழுத்து பிறந்தது வட்டிக் கணக்கும் சரக்குப் பட்டியலும் எழுதுவதற்காக. கேட்டால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது!

பிறகு இதை ஈய அச்சாக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஈய அச்சு நேரான கட்டை, எழுத்தோ சாய்ந்தது, வாலும் கொம்பும் கட்டையை விட்டு வெளியே துருத்தும், துருத்துகிற இடம் அச்சடிக்கும்போது ஒடியும். பாரிஸில் ஃபிர்மேன் தீதோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாய்ந்த கட்டைகளாகவே வார்த்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற மாதிரி செய்தார். ஈயக் கட்டை இல்லாமல் ஒளியால் எழுத்தைப் பதிக்கிற ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. 1960களில் மேத்யூ கார்ட்டர் வரைந்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் அந்த நேரத்துப் பிள்ளை. சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய எழுத்தாசிரியரின் கையெழுத்தைப் பார்த்து வரைந்தது.

முழுப் பத்திரிகையையும் இதிலேயே அடித்துவிடலாமா?

வேண்டாம்.

சரி, ஏன் என்றும் சொல்கிறேன். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நடுவில் ஒரு "உடன்", இவ்வளவுக்குத்தான் இந்த எழுத்து. மண்டபம் எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் இதில் போட்டால் விருந்தாளி காத்ர் போர்னில் இறங்க வேண்டியவர் கியூர்பிப் வரை போய்விட்டுத் திரும்புவார், அதற்குள் ஏழு கறியில் நாலு கறி தீர்ந்திருக்கும். தகவலுக்கு ஒரு சாதாரண நேர் எழுத்து, பெயருக்கு மட்டும் இந்த அலங்காரம். நகை மாதிரிதான், கழுத்தில் ஒன்று போட்டால் நகை தெரியும், உடம்பு முழுக்கப் போட்டால் ஆள் தெரியமாட்டார்.

குடும்பப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடிக்கிறார். செய்யலாமா?

மொரீஷியஸ் பழக்கம் அது, எனக்குத் தெரியும். அரசாங்கப் படிவத்தில் குடும்பப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதி எழுதி, பத்திரிகையிலும் அப்படியே வேண்டும் என்பார்கள். ஸ்கிரிப்ட் ஃபாண்டில் இது நடக்காது. இதன் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் தனியாக முன்னால் நின்று, பின்னால் வரும் சின்ன எழுத்துகளை அழைத்துக்கொண்டு போவதற்காக வரையப்பட்டது. பத்துப் பேரும் நாட்டாமையாக நின்றால் பஞ்சாயத்தே நடக்காது. சுழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முள்வேலி போல ஆகிவிடும். மாமாவைச் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்கிறது. பெயரை ஸ்கிரிப்டில் போட்டு, குடும்பப் பெயரை அதற்குக் கீழே சின்னதாக, நேரான எழுத்தில், முழுக்கப் பெரிய எழுத்தாக, நன்றாக இடைவெளி விட்டுப் போடுங்கள். இரண்டு பேருக்கும் மரியாதை.

எத்தனை பாயிண்ட் வைக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக. ஒரு பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஆனால் ஃபாண்டின் பாயிண்ட் அளவில் மேலே போகிற கொம்பும் கீழே இறங்குகிற வாலும் சேர்ந்தே அடங்குகின்றன. ஸ்கிரிப்டில் கொம்பும் வாலும் நீளம், நடுவில் இருக்கிற உடம்பு குட்டை. அதனால் 24 பாயிண்ட் வைத்தாலும் பார்வைக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண எழுத்தின் 13, 14 மாதிரிதான் தெரியும். பெயருக்கு 30க்குக் குறைவாக நான் போடுவதில்லை. 18க்குக் கீழே போனால் மெல்லிய கோடுகள் அச்சில் காணாமல் போகும்.

எழுத்துக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே?

இருக்காது, உடையும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு பெயரைத் தட்டச்சு செய்து திரையில் எட்டு மடங்கு பெரிதாக்குங்கள். ஒவ்வொரு சின்ன எழுத்தும் வலது பக்கம் ஒரு மெல்லிய வாலை நீட்டி முடிகிறது, அடுத்த எழுத்து அதே உயரத்தில், அதே சாய்வில், அதே தடிமனில் வாலைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. ரயில் பெட்டியின் கொக்கி போலத்தான். நீங்கள் இடைவெளியை ஒரு சொட்டு கூட்டினால் கொக்கி கழன்று, நடுவில் வெள்ளையாக ஒரு கீறல் தெரியும். குறைத்தால் வால் அடுத்த எழுத்தின் உடம்புக்குள் குத்தும், அங்கே கறுப்பாக ஒரு கட்டி விழும்.

இதில் அடங்காத பிள்ளைகள் நாலு பேர். ஓ (o), பி (b), வி (v), டபிள்யூ (w). மற்ற எல்லாச் சின்ன எழுத்தும் அடிக்கோட்டில் முடியும்போது இவர்கள் மட்டும் மேலே, இடுப்பளவில் முடிகிறார்கள். ஓவுக்குப் பின்னால் ஆர் வந்தால், வரும் ஆர் கீழேயிருந்து கிளம்பாமல் மேலேயிருந்து கிளம்ப வேண்டும். நல்ல ஃபாண்டில் இதற்கென்றே மாற்று ஆர் ஒன்று ஒளிந்திருக்கும், பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்த்து ஃபாண்டே மாற்றிப் போடும். மட்டமான ஃபாண்டில் அந்த இடத்தில் ஒரு தடுக்கல் தெரியும். ஃபாண்ட் வாங்குமுன் "ஓ-ஆர்" (or), "வி-ஈ" (ve), "பி-ஆர்" (br) மூன்றையும் அடித்துப் பாருங்கள், அதன் ஜாதகம் தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் வேலை செய்கிறவர்கள் ஃபாண்ட் பெட்டியில் அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போய் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் (அந்த மாற்று எழுத்துகள்), கெர்னிங் (எழுத்துக்கு எழுத்து இடைவெளியைச் சரிசெய்வது) இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை, பிறகு ஃபாண்ட் சரியில்லை என்று என்னிடம் வருவார்கள்.

பெயரைத் தப்பாகப் படிக்கிறார்கள், என்ன செய்வது?

எஸ் எழுத்தும் எல் எழுத்தும் சில ஃபாண்டில் இரட்டைப் பிள்ளைகள். டி (T), எஃப், ஜே மூன்றுக்கும் ஒரே தொப்பி. ஐயும் ஜேயும் சண்டை. பழைய பாணி க்யூ அப்படியே இரண்டு என்ற எண். ஃபாண்டை அதன் பட்டியலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் வீட்டு இரண்டு பெயரை மட்டும் அதில் அடித்து, பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். முதல் எழுத்தில் அவர் ஒரு நொடி தயங்கினாலும் வேறு ஃபாண்ட். பல ஃபாண்டில் ஒரே பெரிய எழுத்துக்கு எளிமையான வடிவம் ஒன்றும் உள்ளே இருக்கும், அதைப் போட்டும் தப்பிக்கலாம்.

எங்கள் பெயரில் பிரெஞ்சு ஆக்ஸன் (எழுத்தின் தலையில் வரும் குறி) இருக்கிறது. அது மட்டும் வேறு மாதிரி வருகிறதே?

ஃபாண்டில் அந்த எழுத்து இல்லை, கணினி கையில் கிடைத்த வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கி ஒட்டிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் அலங்கார ஃபாண்டுகளில் இது சகஜம், வரைந்தவர் ஆங்கிலத்தை மட்டும் நினைத்து வரைந்திருப்பார். நம் நாட்டில் ஆக்ஸன் இல்லாமல் ஒரு அட்டையும் போடமுடியாது, பெயரில் இல்லாவிட்டாலும் பிரெஞ்சு வாசகத்தில் வந்தே தீரும். மேலே ஒரு கோட்டைத் தனியாக வரைந்து வைத்துச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

தமிழுக்கு இதே மாதிரி ஃபாண்ட் கிடையாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நான் அதிகம் வாதாடுவதும் இதற்குத்தான்.

அப்படியே இதே மாதிரி கிடையாது, இருந்தால்தான் வினோதம். மேலே சொன்ன தடிமனும் மெலிவும் விரிகிற நிப்பிலிருந்து வந்தவை. நம் எழுத்து வளர்ந்தது ஓலையில், எழுத்தாணியில். எழுத்தாணி கீறும், அதற்கு விரியத் தெரியாது, எங்கே அழுத்தினாலும் கோடு ஒரே அளவுதான். நீளமான நேர்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால்தான் நம் எழுத்துகள் உருண்டன என்று சொல்வார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியைக்கூட விட்டுவிட்டார்கள். ஆக, தமிழின் அழகு சுழியில் இருக்கிறது, தடிமன் வித்தியாசத்தில் இல்லை. இன்னொன்று, தமிழில் எழுத்துக்கு எழுத்து கொக்கி போட்டு இணைக்கிற பழக்கமும் அச்சில் இல்லை. அதை ஆங்க்லேஸ் சட்டைக்குள் திணித்தால் ழவும் ணவும் மூச்சுத் திணறும்.

நிறையப் பேர் செய்வது என்னவென்றால், சாதாரணத் தமிழ் ஃபாண்டை எடுத்து இட்டாலிக் பொத்தானை அமுக்குவது. ஃபாண்டில் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்டிருக்காவிட்டால் கணினி நிமிர்ந்த எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்க்கும், வட்டமெல்லாம் நசுங்கிய முட்டையாகும். தயவுசெய்து வேண்டாம்.

செய்யக்கூடியது வேறு. தாரிக் அசீஸ் வரைந்த கவிவாணர் என்ற ஃபாண்ட் கையெழுத்துச் சாயலில் சாய்வாகவே வரையப்பட்டது, பெயர்களுக்கு நன்றாக இருக்கும். கொஞ்சம் மென்மையாக வேண்டும் என்றால் அரிமா, அதன் முனைகள் உருண்டு முடியும், மெல்லிய எடையிலும், அதாவது மெல்லிய கோட்டிலும், கிடைக்கும். காட்டமரான் ஃபாண்டின் மிக மெல்லிய எடையைப் பெரிதாகப் போட்டால், பக்கத்திலிருக்கும் ஸ்கிரிப்டின் முடிக்கோட்டோடு அது ஒத்துப்போகிற விதம் எனக்கே ஆச்சரியம். மூன்றும் இலவசம். ஆங்கிலப் பெயர் ஆடட்டும், தமிழ்ப் பெயர் நின்று பார்க்கட்டும், இரண்டும் ஆடினால் மேடை தாங்காது.

எங்கள் குடும்பப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

வெட்கப்பட வேண்டாம், வருகிறவர்களில் பெரும்பாலோர் நிலைமை அதுதான். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் கோயிலிலும் தமிழ் வகுப்பிலும். பழைய பதிவேட்டில் யாரோ ஓர் எழுத்தர் தன் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதினார், அதுவே நிலைத்துவிட்டது. வாயில் "வீராப்பேன்" என்று வருவது வீரப்பன். "அர்மூகோம்" ஆறுமுகம். "சினாதாம்பு" சின்னத்தம்பி. கணினியில் ஒலிபெயர்ப்புக் கருவியில் போட்டால் அது பிரெஞ்சு எழுத்தை ஒவ்வொன்றாக மாற்றி யாரும் கேள்விப்படாத ஒரு பெயரைத் தரும், அதை அப்படியே தங்க எழுத்தில் அடித்த பத்திரிகை ஒன்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்கு என்று கேட்காதீர்கள். பாட்டி இருந்தால் பாட்டியைக் கேளுங்கள். இல்லையென்றால் கோயில் அர்ச்சனைச் சீட்டு, தாத்தாவின் திவச அட்டை, எங்காவது தமிழில் எழுதியிருக்கும்.

அப்படிப் பழையது எதையாவது கொண்டுவந்தால் இன்னொரு சிக்கல். லை, னை போன்றவை துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு அந்த வடிவம் அச்சிலிருந்து போய்விட்டது, இப்போதுள்ள ஃபாண்டுகளில் பெரும்பாலும் இருக்காது. புது வடிவத்தில் போடுவதே நல்லது, இளசுகள் வகுப்பில் படிப்பது அதைத்தான்.

தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வருகிறது. கொம்பு இடம் மாறி நிற்கிறது.

"கொ" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதுதானே? ஃபாண்டின் குற்றமல்ல, வரைகலை மென்பொருளின் அமைப்பு. அடோபி இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்று பட்டியலில் இருக்கும். அது சாதாரணமாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், அங்கே திறக்கிறவருக்குத் தமிழ் தெரியவும் வேண்டாம், ஃபாண்டும் வேண்டாம்.

இதற்கும் ஒரு கதை உண்டு. ஒருமுறை நான் அப்படி மாற்றாமல் அனுப்பினேன், என் சோம்பேறித்தனம். அட்டையின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். அங்கிருந்த பையன், தமிழ் தெரியாதவன், அதைப் பக்க எண் இரண்டு என்று நினைத்து நீக்கிவிட்டான். அவனைக் குறைசொல்ல முடியாது. நம் பழைய தமிழ் எண்ணில் இரண்டு என்பதும் உகர வடிவம்தானே! மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் ஒரே அட்டையில். எது மேலே?

இந்த நாட்டில் இது சின்னக் கேள்வி இல்லை. 1998இல் வெளிவந்த ரூபாய் நோட்டுகளில் வழக்கமான வரிசை மாறி, தமிழுக்கு மேலே இந்தி போனது, தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999இல் பழைய வரிசையிலேயே புதிதாக அடித்தார்கள். நோட்டுக்கே அப்படி என்றால் பத்திரிகைக்கு?

என் வழக்கம், தமிழை மேலே நடுவில் போட்டுவிடுவது, சுழி, முருகன் துணை, பெரியவர்கள் பெயர், முகூர்த்தம். அடுத்து ஸ்கிரிப்டில் மணமக்கள் பெயர் பெரிதாக. கீழே பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ தகவல், ஏதாவது ஒன்று, இரண்டும் வேண்டாம். தமிழ் வரியைப் படிக்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவரோ இருவரோதான், ஆனால் அவர்கள் எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படிப்பார்கள். அவர்களுக்காகப் பெரிதாகப் போடுங்கள்.

இரண்டு ஸ்கிரிப்ட் ஃபாண்டைக் கலக்கலாமா?

கூடாது.

தங்க ஃபாயிலில் அடித்தால் எப்படி இருக்கும்?

எழுத்து ஒத்துழைத்தால் பிரமாதமாக இருக்கும். ஃபாயில் என்பது சூடான உலோக அச்சால் மெல்லிய தகட்டுப் படலத்தை அட்டையில் அழுத்தி ஒட்டுவது. கோடு ரொம்ப மெல்லிசாக இருந்தால் படலம் பிடிக்காது, ஓ போன்ற எழுத்தின் உள்வட்டம் ரொம்பச் சின்னதாக இருந்தால் படலம் அதை அடைத்துவிடும். எனக்கு நேர்ந்தது முதல் வகை. முந்நூறு அட்டை, மணப்பெண் பெயர் ஏழு எழுத்து, திரையில் பார்க்கப் பட்டு மாதிரி இருந்தது. அடித்து வந்ததில் தடித்த கோடுகள் மட்டும் மின்னின, இணைக்கிற முடிக்கோடெல்லாம் பாதி விட்டுப்போய், ஏழு எழுத்தும் ஏழு துண்டு. அச்சகத்தில் "நீங்கள் கொடுத்ததைத்தான் அடித்தோம்" என்றார்கள், அதுவும் உண்மைதான். திரும்ப அடித்த செலவு என் கையைக் கடித்தது.

அன்றிலிருந்து ஃபாயில் வேலைக்கு முதலில் அச்சகத்தைக் கேட்பேன், எவ்வளவு மெல்லிய கோடு வரை பிடிக்கும் என்று. அதற்கேற்ப எழுத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்குக் கோடு சேர்த்துத் தடிப்பாக்குவேன், அல்லது முடிக்கோடு தடிமனாக உள்ள வேறு ஃபாண்டுக்குப் போய்விடுவேன். போல்ட் பொத்தானை அமுக்கி ஏமாறாதீர்கள், அது மெல்லிய கோட்டோடு தடித்த கோட்டையும் வீங்க வைக்கும்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கேட்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சுற்றிலும் உள்ள மை உள்ளே கசிந்து முடிக்கோட்டைத் தின்றுவிடும். பூச்சில்லாத பஞ்சுத் தாள் என்றால் இன்னும் மோசம், கியூர்பிப் பக்கத்து ஈரத்தில் ஒரு வாரம் கிடந்த தாளாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இலவசமாக நல்லது எது? காசு கொடுத்து வாங்க வேண்டியது எது?

கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் கிரேட் வைப்ஸ் பெரிய சுழிகளோடு ஆடம்பரமாக இருக்கும், ராபர்ட் லியூஷ்கி வரைந்தது. அதே ஆளின் அலெக்ஸ் பிரஷ் கொஞ்சம் சாவகாசமானது. பழைய ஆங்க்லேஸ் சாயல் வேண்டுமென்றால் பின்யன் ஸ்கிரிப்ட், என் ஓட்டு அதற்கே. டேன்ஜரின் மெலிந்த ஆள், பெரிதாகப் போட்டால் மட்டும் எடுபடும். இவையெல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, அட்டை அடித்து விற்றாலும் கேள்வி கிடையாது.

மற்ற இடங்களில் "இலவசம்" என்று போட்டிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். பல சமயம் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்று கீழே பொடியாக எழுதியிருக்கும். நீங்களே உங்கள் கல்யாணத்துக்குப் போட்டால் சரி, நான் காசு வாங்கிக்கொண்டு போட்டால் உரிமம் வாங்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதில், ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபிக்கு வரைந்த பிக்கம் ஸ்கிரிப்ட்டை மிஞ்ச ஆள் இல்லை. மேலே சொன்ன அந்த ஜார்ஜ் பிக்கம் பெயர்தான். ஒரே எழுத்துக்கு எத்தனையோ மாற்று வடிவம் உள்ளே, திருவிழாக் கடை மாதிரி. ஆனால் ஆசைப்பட்டு எல்லாச் சுழியையும் அவிழ்த்துவிட்டால் பெயரே தெரியாது. முதல் எழுத்துக்கு ஒன்று, கடைசி எழுத்துக்கு ஒன்று போதும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டும், ஹெர்மன் ஸாப்ஃபின் ஸாப்ஃபினோவும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு எட்வர்டியன் ஸ்கிரிப்ட் வரும், எட் பெங்கியட் 1994இல் செய்தது, நல்ல பிள்ளை. அதனால்தான் தீவில் உள்ள பாதிச் சான்றிதழ்களில் அதுவே இருக்கிறது.

கோயில் நோட்டீஸ், காவடி பேனருக்கு ஆகுமா?

ஆகாது. தைப்பூசக் காவடி பேனரைப் பேருந்தில் போகிறவர் மூன்று நொடி பார்ப்பார். தடித்த, நேரான தமிழ் எழுத்து போடுங்கள். காவடி முடிந்து உபயதாரருக்குக் கொடுக்கும் பாராட்டு அட்டை என்றால் பெயர் வரிக்கு மட்டும் ஸ்கிரிப்ட் போடலாம், அது நன்றாக இருக்கும்.

பத்திரிகையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பப்போகிறோம். அப்போதும் இந்த விதியெல்லாம் உண்டா?

பாதி உண்டு. ஃபாயில் கவலை இல்லை. ஆனால் வாட்ஸ்அப் படத்தை அமுக்கி அனுப்பும், முடிக்கோடு அங்கேயும் கரையும். படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். பெயரை இன்னும் பெரிதாக்குங்கள், எல்லோரும் பார்ப்பது உள்ளங்கை அளவுத் திரையில். பெரியம்மா வீட்டுக்கு மட்டும் அச்சடித்ததைத் தட்டில் வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபாண்ட் எதற்கு, கையாலேயே எழுத வைத்தால் என்ன?

முடிந்தால் செய்யுங்கள், அதற்கு ஈடில்லை. ஃபாண்டில் ஒரே பெயரில் இரண்டு "ஆ" வந்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்று, கையில் இரண்டும் கொஞ்சம் வேறு, கண்ணுக்கு அது பிடிக்கும். உறையின் மேல் விருந்தாளி பெயரை மட்டுமாவது கையால் எழுதலாம். கூர் நிப்பு, நல்ல கறுப்பு மை, கீழே சாய்வுக் கோடு போட்ட தாள், அவ்வளவுதான் சாமான். ஒரு மாதம் பழகினால் சுமாராக வரும். எனக்கு வந்தது. ஐம்பதாவது உறைக்கு மேல் கை நடுங்கத் தொடங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அச்சுக்கு அனுப்புமுன் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். உண்மையான அளவில், அதே தாளில் ஒன்றே ஒன்று அடிக்கச் சொல்லுங்கள். அதை வீட்டில் ட்யூப் லைட் வெளிச்சத்தில், கண்ணாடி போட்டிருக்கிற மூத்தவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எங்கள் அத்தையிடம்தான் நான் கொடுப்பேன். அட்டையை முதலில் தூரத்தில் பிடிப்பார், அப்புறம் பக்கத்தில், அப்புறம் மறுபடி தூரத்தில். பெயர் இரண்டையும் சத்தமாகப் படிப்பார். தேதிக்கு வந்ததும் விரலை மடக்கி அது என்ன கிழமை என்று எண்ணுவார். போன மாதம் அப்படித்தான் ஒரு முகூர்த்தம் ஞாயிறு என்று போட்டிருந்தது சனிக்கிழமை என்று கண்டுபிடித்தார். ஃபாண்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.